செட்: ஒரு குட்டி ஆங்கிலச் சொல்லைப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தர்ஷினி, அதாவது நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல். நானும் எங்கள் கீழ்வீட்டுப் பையனும் நின்றபடியே செட் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தர்மபுரிக்காரன், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இடது கையால் போனை என் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, இந்த மெயிலைப் பாருங்க. மொத்தமே நாலு வரி, நாலுலயும் செட்டு. நான் போட்ட பதிலுக்கு மேனேஜர் வெறும் கேள்விக்குறி அனுப்பியிருக்கார்."

மெயிலில் இருந்தது இதுதான். 'ஆல் செட்?' என்று ஒரு கேள்வி. புதிய மெஷின்களை 'செட் அப்' செய்யும் வேலை திங்கட்கிழமை காலை. அந்த நேரம் 'செட் இன் ஸ்டோன்' இல்லை. எதற்கும் ஒரு மணி நேரம் 'செட் அசைட்' செய்துகொள். இதற்கு நம் ஆள் எழுதிய பதில்: 'சார், தட் டைமிங் இஸ் நாட் செட்டிங் ஃபார் மீ.'

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி எழுதியவள்தான்.

இந்தச் சொல்லில் தடுக்கி விழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு 'செட்'டுக்குத்தான், வினையாக மட்டுமே சுமார் 430 பொருள்கள். பின்னால் அகராதியைத் திருத்தியபோது 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு முந்திவிட்டது. முதலிடம் போனாலும் 430ஐ மனப்பாடம் செய்ய ஆகாது. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. இதே வேலையைச் செய்கிற ஒரு சொல்லை நாம் காலையிலிருந்து இரவு வரை பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: உட்கார வைத்துப் பாருங்கள்

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். உருள், உருட்டு. திருந்து, திருத்து. தானே செய்தால் தன்வினை, இன்னொன்றைச் செய்ய வைத்தால் பிறவினை. ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் இப்படி ஜோடிகள் இருந்தன, அவற்றில் சில இன்னும் மிச்சம். 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் வீழ்த்து. மரம் வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் அதுதான் சொல். அதே வரிசையில் 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை.

இந்தச் சொல்லின் அடியில் இருக்கும் படம் இவ்வளவுதான். ஒன்றை அதற்குரிய இடத்தில் அசையாமல் உட்கார வைப்பது. மோதிரத்தில் கல் பதிப்பது செட். நழுவிய எலும்பை இடத்தில் சேர்ப்பது செட். அந்த வேலை செய்கிறவர் ஆங்கிலத்தில் 'போன் செட்டர்', நம் ஊரில் புத்தூர் கட்டுப் போடுகிறவர். அச்சகத்தில் எழுத்துக் கோப்பது டைப் செட்டிங். பாட்டு வரிகளுக்கு மெட்டு அமைப்பதுகூட 'செட் டு மியூசிக்'தான். தனித்தனியாகப் பார்த்தால் நான்கு பொருள். உட்கார வைக்கிற படத்தை நினைத்துக்கொண்டால் ஒன்றே ஒன்று.

படி 2: 'வை' போட்டுப் பாருங்கள்

இந்தப் படிக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பாதிக் கிணறு இங்கேயே தாண்டிவிடலாம்.

தீ வை. பொறி வை. அலாரம் வை. விலை வை. கெடு வை. இலக்கு வை. பரீட்சை வை. காலடி எடுத்து வை. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் செட்தான். கல்யாணத்தைத் தை மாதம் வைத்திருக்கிறோம் என்கிறோமே, அந்தத் தேதி வைப்பதும் செட்தான். ஒரு வேலைக்கு ஐயாயிரம் செலவானால் 'இட் செட் மீ பேக் ஃபைவ் தௌசண்ட்' என்பார்கள். நாம் என்ன சொல்வோம்? ஐயாயிரம் செலவு வைத்துவிட்டது என்போம். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. 'புட்' என்பதற்கும் நமக்கு 'வை'தானே? எங்கே புட், எங்கே செட் என்று எப்படிப் பிரிப்பது?

ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் தூக்க வேண்டாம். தமிழிலேயே காது கொடுத்துக் கேளுங்கள். 'அலாரத்தை வை' என்றால் கடிகாரத்தை மேசைமேல் வைப்பது. 'அலாரம் வை' என்றால் ஆறு மணிக்கு அடிக்கும்படி முள்ளைத் திருப்புவது. முதலாவது புட், இரண்டாவது செட். 'பொறியை வை' என்றால் அலமாரியில் எடுத்து வைக்கலாம், அது புட். 'பொறி வை' என்றால் தேங்காய்த் துண்டு மாட்டி, கம்பியை இழுத்துவிட்டு, எலி வருகிற வழியில் வைப்பது. அது செட். ஐ உருபு வந்தால் பொருள் வெறுமனே இடம் மாறுகிறது. ஐ இல்லாமல் பெயரும் வினையும் ஒட்டிக்கொண்டால் ஏதோ ஒரு காரியம் நடக்கத் தயாராகிறது. எல்லா இடத்துக்கும் பொருந்துகிற விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் வரும் இடத்தில் பத்துக்கு ஏழு முறை கைகொடுக்கும்.

கீழ்வீட்டுப் பையன் இதைக் கேட்டதும் தோசையை விட்டுவிட்டு யோசித்தான். "அப்போ குழம்பு வைக்கிறதும் செட்டா அக்கா?" நல்ல கேள்வி. இல்லை. குழம்பு வை, பெயர் வை, பொட்டு வை, ஐஸ் வை எல்லாம் நம் சொந்தச் சொத்து. ஆங்கிலத்தில் குழம்பைச் சமைப்பார்கள், பெயரைக் கொடுப்பார்கள். ஆக, ஆங்கிலத்தில் செட் வரும்போது 'வை' போட்டுப் புரிந்துகொள்ளலாம். தமிழில் 'வை' வருகிற இடத்திலெல்லாம் செட் போட்டு எழுதினால் மேனேஜர் மறுபடியும் கேள்விக்குறிதான் அனுப்புவார்.

சொத்து என்றதும் ஞாபகம் வருகிறது. 'அசெட்' என்பதற்குள் செட் இருப்பது தற்செயல். அது 'போதுமான அளவு' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, இந்தக் குடும்பமே இல்லை. ஆனால் 'சீட்', 'செட்டில்' இரண்டும் சிட், செட்டின் பங்காளிகள். மாப்பிள்ளை செட்டில் ஆகிவிட்டாரா என்று கேட்கும்போது, ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டாரா என்றுதான் கேட்கிறோம்.

படி 3: காலம்

இது சின்னப் படி. நிகழ்காலம் செட், இறந்தகாலம் செட், 'ஹேவ்' போட்டாலும் செட். புட், கட், ஹிட், ஷட் எல்லாம் இதே ரகம். 'செட்டட்' என்று ஒரு சொல்லே கிடையாது. 'ஹீ செட்ஸ்' என்று வந்தால் வழக்கமாகச் செய்கிறார். கடைசி ஸ் இல்லாமல் 'ஹீ செட்' என்று வந்தால் செய்து முடித்துவிட்டார்.

'செட்டிங்' என்று எழுதும்போது டகரத்துக்கான எழுத்தை இரண்டு முறை போட வேண்டும். இதற்கும் நம் புணர்ச்சி விதியே போதும். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். கல் + எறிந்தான் கல்லெறிந்தான் ஆவது போலத்தான்.

படி 4: யார் வைத்தார் என்று தெரியாவிட்டால்

சில இடங்களில் வைக்கிறவர் இருக்க மாட்டார், பொருள் தானே அடங்கி உட்காரும். தயிர் உறைகிறது. ஜெல்லி கட்டிப்படுகிறது. பொழுது சாய்கிறது. மூன்றுக்கும் செட்தான். இங்கே 'வை' போட்டுப் பார்த்தால் முட்டும். முட்டினால், 'உறைந்தது, இறுகியது, அடங்கியது' என்று போட்டுப் பாருங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க எங்கள் தெருவிலேயே வசதி உண்டு. பக்கத்து தர்ட்டி ஃபார்ட்டி சைட்டில் வீடு கட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பெங்களூரில் சைட் என்றால் மனை, 30க்கு 40 அடி. அங்கே மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். மாடிப்படிக்குப் பூசி முடித்த அன்று எங்கள் வீட்டு வாண்டு ஓடிப்போய்க் கால் வைக்கப் பார்த்தது. "ஏய் பாப்பா, இன்னும் செட் ஆகல!" என்று கத்தினார். சரியான ஆங்கிலப் பயன்பாடு, துளிக் குறை இல்லை. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதியே உண்டு. தண்ணீர் கலந்த முதல் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். முதலாவது 'இனிஷியல் செட்', இரண்டாவது 'ஃபைனல் செட்'. கவனியுங்கள், செட் ஆவது வேறு, பலம் ஏறுவது வேறு. செட் ஆவது சில மணி நேர விஷயம். பலத்தை 28ஆம் நாள் வரை பார்ப்பார்கள், அதற்கு 'ஹார்டன்' என்ற தனிச் சொல் இருக்கிறது. மெயிலில் இரண்டையும் மாற்றி எழுதினால் இன்ஜினியர் போன் போட்டுக் கேட்பார்.

படி 5: இன்னொரு செட், வேறு ஆள்

தட்டில் இருக்கிற செட் தோசைக்கு வருவோம். பெரும்பாலும் மூன்று தோசை, சில கடைகளில் இப்போது இரண்டுதான். பஞ்சு மாதிரி, சாகு என்கிற காய்கறிக் குருமாவோடு வரும். இங்கே எதையும் உட்கார வைக்கவில்லை. இது தொகுப்பு.

இந்தத் தொகுப்பு செட் பெரும்பாலும் வேறு வேரிலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதன் கூடப்பிறந்தது. உருவம் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் கலந்துபோயின. "அவன் எங்க காலேஜ் செட்டு" என்று நாம் சொல்வது இந்தக் கூட்டம் என்ற பொருளோடு அழகாகப் பொருந்துகிறது.

தொகுப்பு செட்டுக்கு ஒரே நிபந்தனை, உள்ளே இருப்பவை ஒன்றோடு ஒன்று சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஸ்பேனர் செட், நகை செட், செட் முண்டு. செருப்புக்கு ஜோடிதான், செட் இல்லை. கணக்கில் இதையே கணம் என்கிறோம். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் கண மொழி என்று தனிப் பாடமே உண்டு. அங்கே ஒரே உறுப்பு இரண்டு முறை வந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் செட் தோசையில் ஒரு தோசைதான் தேறும்.

இதில் நடைமுறைக்கு முக்கியமானது ஒன்று. ஓர் அலுவலகத்தில் 'டூ செட்ஸ் ஆஃப் காப்பீஸ்' கேட்டார்கள் என்று நான் ஆதார் அட்டையை மட்டும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு செட் என்றால் அவர்கள் கேட்ட ஐந்து காகிதத்திலும் ஒவ்வொன்று சேர்த்து ஒரு கட்டு, அப்படி இரண்டு கட்டு. மதியம் வரை வரிசையில் நின்றதன் பலன் இந்தப் பத்தி.

இலக்கணத்தில் கொத்து ஒருமை. சாவிக்கொத்து எங்கே இருக்கிறது என்கிறோம், இருக்கின்றன என்பதில்லை. 'எ செட் ஆஃப் கீஸ்'க்கும் 'இஸ்'தான்.

டென்னிஸ், வாலிபால் செட்களையும் இந்தப் பையிலேயே போடுங்கள். டென்னிஸில் ஆறு கேம் எடுத்து, இரண்டு கேம் வித்தியாசம் காட்டினால் ஒரு செட். வாலிபாலில் 25 புள்ளி, ஐந்தாவது செட் என்றால் 15. டிவி செட், ரேடியோ செட் என்பதும் பல பாகம் சேர்ந்த ஒரு கருவி என்ற கணக்கில்தான். பழைய பெட்டி டிவியின் தலையில் உட்கார்ந்திருந்ததால் அது செட் டாப் பாக்ஸ். இப்போது டிவி சுவரில் தொங்குகிறது, பாக்ஸ் கீழே கிடக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

படி 6: பெயருக்கு முன்னால் நின்றால், 'ஆல்' உடன் வந்தால்

இங்கே அது பெயரடை. இரண்டே பொருள்: முடிவானது, தயாரானது.

செட் மெனு என்றால் மாற்ற முடியாத சாப்பாட்டுப் பட்டியல். 'செட் இன் ஸ்டோன்' என்றால் கல்மேல் எழுத்து. மேனேஜர் அப்படி இல்லை என்று எழுதியிருந்தார், அதாவது நேரத்தை மாற்றிக் கேட்கலாம் என்று அவரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். இந்தப் பையன் அதைப் பூட்டு என்று நினைத்துவிட்டான். 'ஆல் செட்' என்றால் எல்லாம் தயார். ஓட்டப் பந்தயத்தில் 400 மீட்டர் வரைதான் 'செட்' என்ற கட்டளை, குனிந்து நிற்கிறவர்கள் இடுப்பைத் தூக்கித் தயாராவதற்கு. அதற்கு மேற்பட்ட தூரத்தில் 'ஆன் யுவர் மார்க்ஸ்' முடிந்ததும் நேரே துப்பாக்கிதான்.

கிரிக்கெட்டில் 'செட் பேட்டர்' என்றால் கால் ஊன்றிவிட்டவர். சின்னசாமி மைதானத்தில் அப்படி ஒருவர் ஊன்றிவிட்டால் எந்த ஸ்கோரும் போதாது என்று இங்கே பையன்கள் பேசிக்கொள்வார்கள், சின்ன மைதானம் அது.

படி 7: வால் பார்த்து வேகம் குறையுங்கள்

செட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டினால் பொருள் சறுக்கும். எல்லாவற்றையும் இங்கே போட முடியாது. ஆள் விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

'அசைட்' மிக ஆபத்தானது. பணத்தை, நேரத்தை செட் அசைட் செய்தால் எடுத்து வைப்பது, ஒதுக்கி வைப்பது. ஆனால் நீதிமன்றம் ஓர் உத்தரவை செட் அசைட் செய்தது என்று செய்தி வந்தால், ஒதுக்கி வைத்தது என்று படிக்காதீர்கள். ரத்து செய்துவிட்டது. உத்தரவு காலி. எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஒருமுறை இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, வழக்கு தள்ளிவைக்கப்பட்டது என்று இரவு முழுக்கப் பேசினார்கள். காலையில் ஒரு வக்கீல் மாமா வந்து முடித்துவைத்தார்.

'அப்' மூன்று பக்கம் போகும். கம்பெனி, மெஷின், மீட்டிங் என்றால் அமைப்பது, ஏற்பாடு செய்வது. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை செட் அப் செய்தது ஒரு காலம், பல வருடம் மூடியே கிடந்து 2009ல் திறந்தது இன்னொரு காலம். நிறுவுவது வேறு, திறப்பது வேறு. செயப்படுபொருள் ஆளாக இருந்தால் கவனம் தேவை. 'தே செட் மீ அப்' என்றால் என்னைச் சதி செய்து மாட்டிவிட்டார்கள். அதோடு 'வித்' சேர்ந்து ஒரு பெண்ணின் பெயர் வந்தால் ஜோடி சேர்த்துவிடப் பார்க்கிறார்கள். நம் ஊர் 'செட்டப்'புக்கு இருக்கிற அர்த்தம் ஆங்கிலத்தில் இல்லை, அதனால் மெயிலில் பயமில்லாமல் எழுதலாம்.

'ஆஃப்' வந்தால் கிளம்புவது, அல்லது ஒன்றைத் தூண்டி வெடிக்கவோ அலறவோ விடுவது. வருமான வரிப் படிவத்தில் வந்தால் நஷ்டத்தை லாபத்தில் கழிப்பது.

'இன்' வந்தால் ஏதோ ஒன்று வந்து தங்கிவிட்டது. கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் பருவமழை 'செட்ஸ் இன்' என்பார்கள். மழை பிடித்துக்கொண்டது என்று நாம் சொல்வதைவிட அழகான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

'பேக்' சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் பின்னடைவு. வீட்டு பிளானில் இருந்தால் சுவருக்கும் மனையின் எல்லைக்கும் நடுவில் விட வேண்டிய இடம். பெங்களூரில் பல வீட்டுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

படி 8: நம் செட்டை வாசலிலேயே விடுங்கள்

பையன் விழுந்தது இங்கேதான். "எனக்கு அது செட் ஆகல" என்று நாம் சொல்கிறோமே, அந்த செட் தமிழ்ச் சொல். பொருந்தவில்லை, ஒத்துவரவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அங்கே 'சூட்' அல்லது 'வர்க்' வர வேண்டும். சட்டை செட் ஆகவில்லை என்றால் அளவுக்கு 'ஃபிட்', நிறத்துக்கு 'சூட்'. ஆள் செட் ஆகவில்லை என்றால் 'கெட் அலாங்'. ஆட்டோக்காரரை செட் பண்ணிவிட்டேன் என்றால் 'அரேஞ்ச்'. தமிழில் பேசும்போது தாராளமாகப் பேசுங்கள், நானும் பேசுகிறேன். எழுதும்போது மட்டும் இந்த நான்கையும் மாற்றிவிடுங்கள்.

படி 9: கையோடு ஒரு பயிற்சி

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள், அப்புறம் கீழே படியுங்கள். 'ஷீ செட் தி டேபிள்.' 'தி ஃபிலிம் இஸ் செட் இன் மதுரை.' 'மை அங்கிள் இஸ் செட் இன் ஹிஸ் வேஸ்.'

முதலாவது, மேசையைத் தூக்கி வைத்தாள் என்பதல்ல. தட்டு, டம்ளர் எல்லாம் பரப்பிச் சாப்பாட்டுக்குத் தயார் செய்தாள். வாழை இலை வீட்டில் இதற்கு 'இலை போட்டாள்' என்போம். இரண்டாவது, கதை மதுரையில் நடக்கிறது. படப்பிடிப்பு மதுரையில் நடந்ததா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. சென்னையில் மதுரைத் தெருவை செட் போட்டு எடுத்திருக்கலாம், அந்த செட் வேறு. மூன்றாவது, மாமா பழகிய வழியை விட்டு நகர மாட்டார், ஊறிப்போனவர்.

காப்பி வந்தது, ஒன் பை டூ. பையன் தர்ஷினி மேசையில் போனை வைத்துக்கொண்டு புதிதாக எழுதினான். 'சாரி சார். மண்டே மார்னிங் டஸ் நாட் சூட் மீ. கேன் வீ செட் இட் ஃபார் டூ தர்ட்டி? ஐ வில் செட் அசைட் டூ அவர்ஸ்.' எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்: 'செட்.'

போனை என் பக்கம் திருப்பினான். "அக்கா, இது எந்த செட்டு?"

"ஆறாம் படி. பில்லைக் கட்டு, போகலாம்."